பள்ளி லேப்பைத் தினமும் பழையபடி ஆக்க: எந்தப் பள்ளிக்கு எந்த வழி?

"ரீஸ்டார்ட் பண்ணினா எல்லாம் பழையபடி ஆயிருமாமே அண்ணாச்சி, அந்த சாஃப்ட்வேரைப் போட்டுத் தாங்களேன்" என்று கேட்காத பள்ளி நம் பக்கத்தில் குறைவு. பாளையங்கோட்டையில் முப்பது கணினி வைத்திருக்கும் உதவிபெறும் பள்ளியும் கேட்கிறது, மானூர்ப் பக்கம் ஐந்து கணினியோடு ஓட்டும் உயர்நிலைப் பள்ளியும் கேட்கிறது. போட்டுத் தரலாம். ஆனால் "அந்த சாஃப்ட்வேர்" என்று ஒன்று இல்லை. ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் துடைக்கும் இடம் வேறு, துடைக்க எடுக்கும் நேரம் வேறு, துடைக்காமல் விட்டுவிடுவதும் வேறு. விலையைப் பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். நான் விலையைக் கடைசியில்தான் பார்ப்பேன். பிள்ளைகள் செய்த வேலை எங்கே தங்கப்போகிறது, மாதம் ஒருமுறை அப்டேட் போட்டுவிட்டு மறுபடி பூட்டி வைக்க அந்தப் பள்ளியில் ஆள் யார் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மிச்சம் தானாகவே தெளிந்துவிடும்.

எதைத் துடைக்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். லேப்பில் என்ன தொல்லை என்று கேட்டால் வால்பேப்பரில் நடிகர் படத்தைப் போட்டுவிடுகிறார்கள் என்பார்கள், ஐகான்களை இடம் மாற்றி வைக்கிறார்கள் என்பார்கள். எரிச்சல்தான், ஆபத்தில்லை. ஆபத்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. உதவித்தொகைக்கும் நீட்டுக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பிக்கிற மாதங்களில் அதைத் திறந்து பாருங்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று வகுப்பில் பாதிப் பேருடையது வரிசையாகக் கிடக்கும். குரோமில் யாரோ ஒரு மாணவியின் ஜிமெயில் லாகின் ஆனபடியே இருக்கும். அடுத்த பீரியடில் வந்து உட்காருகிறவனுக்கு ஒரு கிளிக் போதும்.

அடுத்தது பென்டிரைவ். பிராக்டிகல் ரெக்கார்டுக்குப் பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகும் பென்டிரைவ், அங்கிருந்து ஷார்ட்கட் வைரஸை வாங்கிக்கொண்டு வந்து லேப்பில் ஒவ்வொரு கணினியிலும் இறக்கிவிட்டுப் போகும். ஃபோல்டர்களெல்லாம் ஒரே நாளில் ஷார்ட்கட்டாக மாறி நிற்பதைப் பார்க்காத கணினி ஆசிரியர் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்னால் காசில்லாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பிள்ளைகள் உட்காரும் கணக்கு அட்மின் கணக்காக இருக்கக் கூடாது. கடையில் வாங்கி வந்த நாளன்று போட்ட, பாஸ்வேர்டு இல்லாத அட்மின் கணக்கிலேயே ஆறு வருடமாகப் பிள்ளைகள் உட்காரும் லேப்கள் இன்னும் இருக்கின்றன. அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்டு போட்டு, பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றைத் தனியாக உண்டாக்குங்கள். கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்புக்கும் பாஸ்வேர்டு போட்டு, பென்டிரைவிலிருந்து கணினி பூட் ஆகாதபடி (எழாதபடி) வையுங்கள். சாதாரணக் கணக்கால் விண்டோஸ் ஃபோல்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸிலும் எழுத முடியாது. "தினமும் கெட்டுப்போகுது" என்ற புகாரில் பெரும் பங்கு இதிலேயே அடங்கிவிடும். இதைச் செய்யாமல் மேலே விலையுயர்ந்த சாஃப்ட்வேரைப் போட்ட பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். காசு பள்ளியுடையது, நான் என்ன சொல்ல.

லாக் அவுட் ஆனதும் துடைப்பது

இது லேசான வழி. டிஸ்க்கைத் தொடுவதில்லை. பிள்ளை லாக் அவுட் ஆனதும் அவனுடைய கணக்கின் ஃபோல்டர் மொத்தமும் அழிந்துவிடும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிரவுசரில் இருந்த லாகின் எல்லாம் போய்விடும்.

விண்டோஸில் இதற்கு ஷேர்டு பிசி மோட் என்று ஒன்று 2016இல் வந்த 1607 பதிப்பிலிருந்து இருக்கிறது. புரோ, எஜுகேஷன், எண்டர்பிரைஸ் பதிப்புகளில் மட்டும். நம் பள்ளிகளில் பலவற்றில் இருப்பது கடையில் கணினியோடு வந்த ஹோம் சிங்கிள் லேங்குவேஜ். அதில் கிடையாது. ஆகவே முதலில் செட்டிங்ஸில் போய் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிடுவது நல்லது. பழைய முறை ஒன்றும் உண்டு: ஒரு மாதிரிக் கணக்கை நமக்கு வேண்டியபடி அமைத்துவிட்டு, அதன் அமைப்பெல்லாம் அடங்கிய என்டியூசர் (ntuser) கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை .dat என்பதிலிருந்து .man என்று மாற்றிவிட்டால், எத்தனை முறை உள்ளே வந்தாலும் அதே அமைப்புதான் வரும், மாற்றியது எதுவும் தங்காது. சர்வர் வைத்திருக்கும் பெரிய பள்ளிகளுக்கு இது பழக்கம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் தலைவலி.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸில் பல வகை உண்டு; அதில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டில் இது ஒரு பொத்தான் வேலை. லாகின் விண்டோ அமைப்பில் கெஸ்ட் அமர்வை அனுமதித்தால் போதும். பிள்ளை பாஸ்வேர்டே இல்லாமல் கெஸ்ட்டாக நுழைவான், வெளியே போனதும் அவன் விட்டுச் சென்றது எதுவும் இருக்காது. இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவில் முன்பு இருந்த இந்த வசதி இப்போது கிடையாது. அதனால் பள்ளிக்கு எது என்று கேட்டால் மின்ட் என்பேன்.

இந்த வழியின் பெரிய லாபம் நேரம். நாற்பது நிமிடப் பீரியடில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வரிசையாக உள்ளே வந்து உட்காரவே ஐந்து நிமிடம் போய்விடும். பழைய ஹார்டு டிஸ்க் போட்ட கணினியை ரீஸ்டார்ட் பண்ணி ஓட விட்டால் இன்னொரு ஐந்து நிமிடம் போகும். லாக் அவுட் சில நொடி. "ஒவ்வொருவருக்குப் பிறகும்" துடைக்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பும் பள்ளிக்கு இதுதான் நடக்கக்கூடிய வழி. ரீஸ்டார்ட்டை நம்பும் வழிகளெல்லாம் நடைமுறையில் "நாளுக்கு ஒருமுறை" என்றுதான் முடிகின்றன. இரண்டாம் பீரியட் போட்டோஷாப்பை மூடிவிட்டுப் போன கணினியை மூன்றாம் பீரியடுக்காக யாரும் ரீஸ்டார்ட் பண்ணுவதில்லை.

டிஸ்க்கையே உறைய வைப்பது

எல்லாரும் கேட்பது இதைத்தான். டீப் ஃப்ரீஸ் என்ற பெயர் கனடாவின் ஃபரோனிக்ஸ் நிறுவனத்துப் பொருளுடையது. ஆனால் ஜெராக்ஸ் மாதிரி நம் ஊரில் அது மொத்த வகைக்கும் பெயராகிவிட்டது. "அந்த மெஷினை ஃப்ரீஸ் பண்ணியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். டாஸ்க்பாரின் மூலையில் பனிக்கரடிப் படம் இருந்தால் அது டீப் ஃப்ரீஸ். கரடியின் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு மின்னினால் ஃப்ரீஸ் எடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இவை வேலை செய்யும் விதம் தேசப்படத்தின் மேல் ட்ரேஸ் பேப்பரை வைத்து வரைவதைப் போன்றது. கணினி டிஸ்க்கில் எழுதுவதாக நினைத்து எழுதுவதெல்லாம் மேலே உள்ள தாளில்தான் விழுகிறது. படிக்கும்போது இரண்டையும் சேர்த்துக் காட்டும். ரீஸ்டார்ட் ஆனதும் தாளைக் கிழித்துப் போட்டுவிடும். சி டிரைவில் இருந்த விண்டோஸை எடுத்து வைத்துத் திருப்பிப் போடுவதில்லை. ஆகவேதான் டிஸ்க் எவ்வளவு பெரிதானாலும் பழையபடி ஆக நேரம் கூடுதலாக எடுப்பதில்லை.

இந்த வகையில் மைக்ரோசாஃப்ட்டே இலவசமாக ஒன்றைக் கொடுத்திருந்தது. 2005இல் ஷேர்டு கம்ப்யூட்டர் டூல்கிட் என்று வந்து, 2007இல் ஸ்டெடி ஸ்டேட் என்று பெயர் மாறியது. எக்ஸ்பி, விஸ்டா இரண்டிலும் ஓடியது. விண்டோஸ் 7 வந்தபோது அதற்கு ஏற்பாடு செய்யவில்லை. 2010 டிசம்பர் 31ஓடு வழங்குவதை நிறுத்திவிட்டார்கள். நெட் சென்டர்களும் பள்ளிகளும் நம்பியிருந்த பொருள் அப்படிப் போனது. அன்றிலிருந்து இலவசம் என்பதற்காக மட்டும் எதையும் லேப் முழுக்கப் போடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது விண்டோஸுக்கு உள்ளேயே இருப்பது யுனிஃபைட் ரைட் ஃபில்டர். எண்டர்பிரைஸ், எஜுகேஷன், ஐ.ஓ.டி. எண்டர்பிரைஸ் பதிப்புகளில் உண்டு. ஹோமிலும் புரோவிலும் இல்லை. பள்ளிக்கு எஜுகேஷன் உரிமம் இருந்தால் கூடுதல் செலவில்லை, விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டிவைஸ் லாக்டவுன் என்பதற்குக் கீழே தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. ட்ரேஸ் பேப்பர் என்று சொன்னேனே, அதன் அளவு இதில் வரையறுத்தது. நாமாக மாற்றாவிட்டால் 1024 எம்.பி., அதுவும் ராமில். குரோமை நாலு டேப் திறந்து வைத்துப் பத்து பேர் மாறி மாறி உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் அது நிரம்பிவிடலாம். நிரம்பியதும் கணினி தடுமாறும், சேவ் ஆகாது, தொங்கி நிற்கும். ஆசிரியர் வைரஸ் என்று நினைப்பார். 4 ஜி.பி. ராம் உள்ள கணினியில் இந்தத் தாளை ராமில் வைக்கக் கூடாது. டிஸ்க்குக்கு மாற்றி, அளவையும் கூட்டிவிட வேண்டும். இதையெல்லாம் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் செய்ய வேண்டும். அதற்குத் தயங்காத ஆசிரியர் இருக்கும் பள்ளிக்கு நான் இதையே சொல்வேன்.

தயங்குகிறவர்களுக்கு டீப் ஃப்ரீஸ். காசு உண்டு, ஆண்டுதோறும் உண்டு. காசுக்குக் கிடைப்பது, ஆசிரியர் மேஜையில் உட்கார்ந்தபடியே எல்லாக் கணினியையும் ஃப்ரீஸ் பண்ணவும் எடுக்கவும் உதவும் ஒரு பலகை. எண்டர்பிரைஸ் பதிப்பில் இந்த நாள் இந்த நேரம் தானாகத் திறந்து அப்டேட் போட்டு மறுபடி பூட்டிக்கொள் என்று நேரம் குறித்து வைக்கலாம். முப்பது கணினி உள்ள லேப்பில் இந்த ஒன்றுக்காகவே விலை தகும். ஐந்து கணினி உள்ள பள்ளிக்குத் தகாது. கிராக் போட்ட பிரதியை யாராவது பென்டிரைவில் கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். டிஸ்க்கின் ஆழத்தில் உட்காரும் சாஃப்ட்வேரை யார் கைவைத்தது என்று தெரியாமல் போடுவது, எதைத் தடுக்க நினைக்கிறோமோ அதை நாமே உள்ளே கூட்டி வருவதாகும்.

உறைய வைப்பதில் இரண்டு விஷயங்களை விற்பவர்கள் சொல்வதில்லை.

முதலாவது அப்டேட். கணினி உறைந்திருக்கும்போது விண்டோஸுக்கு அது தெரியாது. நெட் கிடைத்ததும் அப்டேட்டை டவுன்லோட் செய்யத் தொடங்கும். மாலையில் அணைத்ததும் அது போய்விடும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. கவனிக்காமல் விட்டால் இருபது கணினியும் பள்ளியின் ஒரே பிஎஸ்என்எல் இணைப்பில் தினமும் அதே நூற்றுக்கணக்கான எம்.பி.யை இழுத்துக்கொண்டிருக்கும். ஆபீஸில் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் பதிவுத் தளம்) பக்கம் திறக்கவில்லை என்று ஜூனியர் அசிஸ்டென்ட் வந்து நிற்பார். ஆகவே உறைந்த கணினியில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு சனிக்கிழமை ஃப்ரீஸை எடுத்து, அப்டேட் போட்டு, ஒருமுறை சரிபார்த்து, மறுபடி ஃப்ரீஸ் பண்ண வேண்டும். இதற்கு ஆள் இல்லாத பள்ளி இந்த வழிக்குப் போகவே கூடாது என்பது என் கட்சி.

இரண்டாவது, உறைய வைத்தது பாதுகாப்பு என்று நினைத்துவிடுவது. ரீஸ்டார்ட்டில் வைரஸ் போய்விடுகிறது, உண்மை. ஆனால் காலையில் வந்த வைரஸ் மாலை வரை உயிரோடுதான் இருக்கிறது, அதற்குள் செருகப்படும் ஒவ்வொரு பென்டிரைவிலும் ஏறிக்கொள்கிறது. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை வைரஸை நினைத்துப் பாருங்கள். அது நெட்வொர்க் வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானாகவே தாவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. பேட்ச் போடாமல் உறைய வைத்த லேப்பில் ஒரு கணினியை ரீஸ்டார்ட் பண்ணிச் சுத்தம் செய்தால், எழுந்த சில நிமிடத்தில் பக்கத்துக் கணினி மறுபடி ஒட்டவைத்துவிடும். ஓட்டையும் சேர்ந்துதானே உறைந்திருக்கிறது! வைரஸ் இருக்கும்போதே ஃப்ரீஸ் பண்ணிவிட்டால் இன்னும் மோசம். ஒவ்வொரு நாள் காலையும் அதே வைரஸ் புத்தம் புதிதாக எழுந்து வரும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். நம் லேப்களில் பாதிக்குமேல் அதற்கு முந்தையவை என்றே என் அனுபவம் சொல்கிறது. அவற்றை விண்டோஸ் 10இலேயே உறைய வைத்து ஓட்டலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். நெட் இல்லாமல் பைதானும் டைப்பிங்கும் மட்டும் என்றால் ஓட்டலாம். நெட்டோடு என்றால் எனக்குச் சம்மதமில்லை.

பாஸ்வேர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ரீஸை எடுக்கும் பாஸ்வேர்டு கணினி ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவர் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) நியமனமாக இருப்பார், வேறு வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ போய்விடுவார். அதன் பிறகு அந்த லேப்பில் ஒரு பிரின்டர் டிரைவர்கூடப் போட முடியாது. ஃபார்மேட் அடிக்க வேண்டியதுதான். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டி, தலைமையாசிரியர் பீரோவில் ஸ்டாக் ரிஜிஸ்டரோடு வைக்கச் சொல்லுங்கள்.

இமேஜ் எடுத்து வைப்பது

நல்ல நிலையில் உள்ள ஒரு கணினியின் டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, கெட்டுப்போனால் அதைத் திருப்பி ஊற்றுவது. முன்பு நார்ட்டன் கோஸ்ட் என்றால் எல்லாருக்கும் தெரியும், 2013இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது தைவானிலிருந்து வரும் குளோன்ஸில்லா, நெட்வொர்க்கில் மொத்தமாக ஊற்ற ஃபாக், இரண்டும் இலவசம்.

தினமும் துடைக்க இது உதவாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இமேஜ் 20 ஜி.பி. என்று வைத்துக்கொள்வோம். லேப்பில் கணினிகளை இணைப்பது பழைய 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் சுவிட்ச் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்.பி. போகும். ஒரு கணினிக்கு ஏறத்தாழ 27 நிமிடம். இருபது கணினிக்கும் தனித்தனியாக அனுப்பினால் ஒன்பது மணி நேரம். மல்டிகாஸ்ட் முறையில் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் அனுப்பினால் இருபதும் அரைமணி, முக்கால் மணியில் முடியும். ஆகவே இது விடுமுறை வேலை. மே மாதம் ஒருமுறை, காலாண்டு விடுமுறையில் ஒருமுறை.

ஆனால் வேறு எந்த வழிக்குப் போனாலும் இமேஜ் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஃப்ரீஸ் பண்ணிய கணினியின் ஹார்டு டிஸ்க் செத்தால் ஃப்ரீஸ் என்ன செய்யும்? இமேஜை இரண்டு பிரதியாக எடுத்து, ஒன்றை மாடியில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரையோரம் தரைத்தளத்தில் இருந்தவற்றுக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும்.

சர்வரிலிருந்தே எழுவது

கணினியில் டிஸ்க்கே வேண்டாம், நெட்வொர்க் வழியாக சர்வரில் உள்ள ஒரே இமேஜிலிருந்து எல்லாக் கணினியும் எழட்டும் என்பது எல்டிஎஸ்பி. 1999இல் தொடங்கிய லினக்ஸ் திட்டம், 2019இல் முழுதாகத் திருத்தி எழுதினார்கள். மாற்றங்கள் ராமில் மட்டும் இருக்கும், அணைத்ததும் போய்விடும். பிள்ளைகளின் ஃபோல்டர் மட்டும் சர்வரில் தங்கும். ஒரு சாஃப்ட்வேரைச் சேர்க்க வேண்டுமா, சர்வரில் ஒரு இடத்தில் சேர்த்து இமேஜைப் புதுப்பித்தால் மறுமுறை எழும்போது எல்லாவற்றிலும் இருக்கும். வேலையின் அழகைப் பார்த்தால் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் கிகாபிட் சுவிட்சும், நல்ல சர்வரும், அதற்கு நல்ல யுபிஎஸ்ஸும் வேண்டும். சர்வர் படுத்தால் லேப் மொத்தமும் படுக்கும். ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கி சுவிட்ச் போகாத வருடம் நம் ஊரில் குறைவு. அதனால் கணினியை நன்றாகத் தெரிந்த இருவர் இருக்கும் பள்ளிக்கு மட்டும்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளின் ஹைடெக் லேப் பற்றிக் கேட்பார்கள். அது அரசின் ஏற்பாட்டில் அமைத்தது, பராமரிப்பும் அவர்கள் வழியாகவே. அதில் நாமாக எதையும் போட வேண்டாம். அந்தப் பள்ளிகளில் தனியாகக் கிடக்கும் பழைய கணினிகளுக்கு மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தும்.

லினக்ஸ் என்றதும் வருகிற தயக்கம்

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போய்விட்டால் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான். கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் என்ற நிறுவனமாக மாறிய அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு தொகுப்பைத் தயாரித்துத் தருகிறது. மலைக்கு இந்தப் பக்கம் கதை வேறு. 2011 முதல் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. வாங்கிய பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர்களை எண்ணிவிடலாம். சாஃப்ட்வேரைக் குறை சொல்ல மாட்டேன். பாடம் நடத்துகிறவர் பழகாத ஒன்றைப் பிள்ளை எப்படித் திறப்பான்?

பாடத்திட்டத்தில் உண்மையான தடை எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலின் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பின் பைதான் இரண்டும் லினக்ஸில் விண்டோஸைவிடச் சுலபமாக ஓடும். ஓபன் ஆபீஸ் பாடத்துக்கு லிப்ரே ஆபீஸ் போதும். கணினிப் பயன்பாடுகள் எடுத்த பன்னிரண்டாம் வகுப்புக்குத்தான் சிக்கல். அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் இருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல், விண்டோஸில்தான் ஒழுங்காக ஓடும். ஆகவே கணினிப் பயன்பாடுகள் பிரிவு உள்ள பள்ளி சில கணினிகளையாவது விண்டோஸில் வைத்தாக வேண்டும். மற்றவர்களுக்குத் தடை பழக்கம் மட்டுமே.

மின்ட்டின் கெஸ்ட் போதாது, டிஸ்க் மொத்தமும் உறைய வேண்டும் என்றால் ஓவர்லேரூட் என்ற பொதி இருக்கிறது. உபுண்டு, மின்ட் இரண்டிலும் கிடைக்கும். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் டிஸ்க் படிப்பதற்கு மட்டும், எழுதுவதெல்லாம் ராமில். செலவு இல்லை, ஆண்டு உரிமம் இல்லை. ராம் குறைவான கணினியில் பெரிய வீடியோவை டவுன்லோட் செய்தால் நிரம்பிவிடும், அந்தக் குறை இங்கேயும் உண்டு.

கூகுளின் இலவச இயங்குதளமான குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸை 2022 முதல் யார் வேண்டுமானாலும் பழைய கணினியில் போட்டுக்கொள்ளலாம். 4 ஜி.பி. ராம், 16 ஜி.பி. இடம் போதும். கெஸ்ட்டாக நுழைந்து வெளியேறினால் தடம் இருக்காது. நெட் போனால் பெரும்பாலும் சும்மா உட்கார வேண்டியதுதான். நூலகத்தில் விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கு ஒரு கணினி என்றால் மிக நல்லது, பிராக்டிகல் லேப்புக்கு வேண்டாம். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸில் வைத்து ஓட்டுவதெல்லாம் 8 ஜி.பி. ராமுக்குக் கீழே பேசிப் பயனில்லை, கல்லூரிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகளின் வேலை எங்கே போகும்?

ஃப்ரீஸ் போட்ட முதல் வாரம் எல்லா லேப்பிலும் ஒரே குரல்தான்: "சார், நேத்து அடிச்ச புரோகிராமைக் காணோம் சார்." டெஸ்க்டாப்பில் சேவ் பண்ணாதே என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளை டெஸ்க்டாப்பில்தான் சேவ் பண்ணுவான். கரண்ட் போய் யுபிஎஸ் கைவிட்டாலும் இதே கதை, பீரியட் நடுவில்.

வழக்கமாகச் செய்வது, சி டிரைவை ஃப்ரீஸ் பண்ணிவிட்டு டி டிரைவைத் திறந்து விடுவது. டீப் ஃப்ரீஸில் தா ஸ்பேஸ் (ThawSpace) என்று துடைக்கப்படாத ஒரு துண்டும் தனியாக ஒதுக்கலாம். இதன் குறை, பிள்ளை நாளைக்கும் அதே கணினியில் உட்கார வேண்டும். இன்னொரு குறை, திறந்து விட்ட டி டிரைவ் வைரஸுக்குத் தங்குமிடம். சி டிரைவ் எத்தனை முறை பழையபடி ஆனாலும் பிள்ளை டி டிரைவில் அதைக் கிளிக் பண்ணினால் மறுபடி முதலிலிருந்து. டி டிரைவிலிருந்து எந்த புரோகிராமும் ஓடக் கூடாது என்று அனுமதியில் தடுத்து வைத்தால் இது பெரிதும் குறையும்.

இதைவிட நல்லது, மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றில் லினக்ஸும், நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் சாம்பா சாஃப்ட்வேரும் போட்டு, வகுப்பு வாரியாக, பதிவெண் வாரியாக ஃபோல்டர் திறந்து, அதை எல்லாக் கணினியிலும் ஒரு டிரைவாகக் காட்டுவது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் அதற்கே திருப்பிவிட்டால் பிள்ளை எங்கே சேவ் பண்ணினாலும் அங்கே போய்விடும். பிரின்டரையும் அதிலேயே மாட்டினால் ரெக்கார்டுக்காக ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் போகும் வேலையே மிச்சம். வைரஸின் பாதி வழி அங்கேயே அடைபட்டுவிடும். எந்தத் துடைக்கும் முறைக்குப் போவதாக இருந்தாலும் இதை முதலில் செய்துவிட்டு அதற்குப் போகச் சொல்வேன்.

துடைக்கக் கூடாதவை இன்னும் சில உண்டு. தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள் எல்லாம் ஃப்ரீஸுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். பார்வையற்ற பிள்ளை ஒருவர் பயன்படுத்தும் கணினியில் என்விடிஏ திரைவாசிப்பானின் பேச்சு வேகம், தமிழ்க் குரல் எல்லாம் அவர் தமக்கேற்றபடி அமைத்தவை. தினமும் காலையில் அது பழையபடி ஆகிவிட்டால் அவருக்கு அது பெரிய இடைஞ்சல். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறாண்டுக்கு மேலாகப் பள்ளிகள் நடக்கிற பாளையங்கோட்டையில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கணினியை ஃப்ரீஸ் பட்டியலில் சேர்க்காதீர்கள், அல்லது அவருடைய அமைப்பை ஃப்ரீஸுக்கு முன்பே சேமித்துவிடுங்கள்.

என்றால், எது?

ஐந்து முதல் பத்துப் பழைய கணினி, கணினி ஆசிரியர் நிரந்தரமில்லை, நெட் வந்தால் உண்டு: மின்ட், கெஸ்ட் அமர்வு, ஒரு இமேஜ். முடிந்தது. ஓவர்லேரூட்கூட வேண்டாம். பின்னால் வருகிற ஆசிரியருக்கு அது ஒரு புதிராக நிற்கும்.

மேல்நிலை, இருபது முப்பது கணினி, கணினிப் பயன்பாடுகள் பிரிவு உண்டு: ப்ளஸ் டூவுக்குத் தேவையான அளவு கணினியை மட்டும் விண்டோஸில் வைத்து, எஜுகேஷன் உரிமம் இருந்தால் யுனிஃபைட் ரைட் ஃபில்டர், இல்லையென்றால் அந்த எண்ணிக்கைக்கு மட்டும் டீப் ஃப்ரீஸ். மற்றவை மின்ட். இரண்டு வகையும் சாம்பாவில் ஒரே ஃபோல்டரைப் பார்க்கட்டும். எனக்கு இதில் தயக்கமே இல்லை.

புதிய கணினிகள் வாங்கிய மெட்ரிக் பள்ளி, விண்டோஸ் 11, லேப் அசிஸ்டென்ட் தனியாக உண்டு: ஷேர்டு பிசி மோடில் தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாதபோது ஃப்ரீஸைப் பற்றி யோசிக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் ஹோம் வேண்டாம், புரோ வேண்டும் என்று கேட்டு, அதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.

எதுவானாலும் வேலையைப் பிப்ரவரியில் தொடங்காதீர்கள். பிராக்டிகல் பரீட்சை நெருங்கும்போது ரெக்கார்டு கோப்பு காணாமல் போனால் பெற்றோர் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குத்தான் வருவார்கள். மே மாதம் ஒரு கணினியில் போட்டு, ஜூனில் பள்ளி திறந்ததும் அதில் ஒன்பதாம் வகுப்பை இரண்டு வாரம் உட்கார விட்டு, அவர்கள் கெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த இமேஜையே மற்ற கணினிகளுக்கும் ஊற்றிவிடலாம்.